முப்பத்தெட்டரைக் குளிசைகள்

எம்மவர் மத்தியில் மருத்துவம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு எல்லைகளில்தான் நிற்கிறது. ஒன்று, மேற்கத்தைய மருத்துவத்தின் சாதனைகளை வியப்பது. மற்றது, மருந்துக் கம்பனிகளின் கொள்ளையைக் கண்டிப்பது. இரண்டுமே தேவையான பேச்சுக்கள். ஆனால் இவற்றுக்கு நடுவில், ஒரு மருந்து ஒருவரின் கையிலிருந்து இன்னொருவரின் உடம்புக்குள் போகிற அந்த ஒரு நிமிடம் பற்றி நாம் பேசுவதில்லை. நியூ ஜேர்சியில் தாதியாக வேலை செய்கிற எனக்கு அந்த நிமிடம்தான் தொழில். அதிலும் நான் நாளாந்தம் அதிகமாகக் கையாள்வது, நுண்ணுயிர்க்கொல்லிகள் என்று தமிழில் எழுதப்படும் அன்ரிபயோற்றிக் மருந்துகளை. அவை வெகு சாதாரணமானவை என்று எல்லோரும் நினைப்பதாலேயே அவை பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

2013 ஜூலை 26ம் திகதி, சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சிறுவர் வைத்தியசாலையில் 16 வயதுப் பையன் ஒருவன் குடற் பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டிருந்தான். பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவன். தொற்றுக்கள் வராமல் தடுப்பதற்காக செப்ரா என்ற அன்ரிபயோற்றிக்கை, நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு குளிசையாக வழமையாகவே எடுத்து வந்தவன். அன்றிரவு அவனுக்கு ஒரே தடவையில் கொடுக்கப்பட்டவை முப்பத்தெட்டரைக் குளிசைகள்.

இந்தச் சம்பவத்தை அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ரொபேர்ட் வாக்ரர், பையனின் பெயரை மாற்றி, 2015ல் வெளிவந்த 'த டிஜிற்றல் டொக்ரர்' என்ற தனது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வைத்தியசாலை அதை மூடி மறைக்காமல் எழுத இடமளித்தது என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். நடந்தது இதுதான்.

40 கிலோவுக்குக் குறைந்த சிறுவர்களுக்கு நிறைக்கேற்பவே மருந்தளவு எழுதப்பட வேண்டும் என்பது அங்கே விதி. பையனின் நிறை 38.6 கிலோ. வைத்தியர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று எழுத, கணினி 193 மில்லிகிராம் என்று கணக்கிட்டது. ஒரு குளிசையில் கணக்கில் எடுக்கப்படும் மருந்தோ 160 மில்லிகிராம். வித்தியாசம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டியதால், ஒரு குளிசைக்குப் பொருந்தும்படி திருத்தி எழுதுமாறு மருந்தாளர் செய்தி அனுப்பினார். வைத்தியர் 160 என்று எழுதினார். ஆனால் திரையில் அளவுமுறை இன்னமும் 'கிலோவுக்கு மில்லிகிராம்' என்றே நின்றது. கணினி 160ஐ 38.6ஆல் பெருக்கியது. 6,000 மில்லிகிராமுக்கும் மேல். முப்பத்தெட்டரைக் குளிசைகள்.

அளவு மீறியது என்ற எச்சரிக்கை வைத்தியரின் திரையிலும் வந்தது, மருந்தாளரின் திரையிலும் வந்தது. இருவரும் அதைத் தட்டி அகற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். இதைக் கேட்டதும் எவருக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதே பல்கலைக்கழக வைத்தியசாலையில், அதே ஆண்டு மார்ச் மாதத்தின் 31 நாட்களில், வளர்ந்தோருக்கான ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கருவிகள் எழுப்பிய எச்சரிக்கைகள் 25 இலட்சத்துக்கும் அதிகம் என்று ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. ஆராயப்பட்ட இருதயத் துடிப்பு எச்சரிக்கைகளில் பத்தில் ஒன்பதுக்கு அண்மையானவை பொய்யானவை. மருந்தெழுதும் திரைகளிலும் இதே கதைதான். நாள் முழுவதும் புலி வருகிறது என்று கத்தும் இடத்தில், புலி வந்த நேரம் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அடுத்து ரொபோ ஒன்று கட்டளைப்படி முப்பத்தெட்டரைக் குளிசைகளையும் பிழையில்லாமல் எண்ணிப் பொதி செய்தது. கடைசியில் பொதி வந்து சேர்ந்தது ஒரு தாதியின் கையில்.

அவர் வழமையாக வேலை செய்வது அந்த வாட்டில் அல்ல. ஆள் பற்றாக்குறைக்காக அன்று அங்கே அனுப்பப்பட்டிருந்தார். இத்தனை குளிசையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பையனுக்கு இருப்பதோ அபூர்வமான நோய். அபூர்வமான அளவாக இருக்கலாம். வைத்தியர் எழுதியிருக்கிறார், மருந்தாளர் சரி பார்த்திருக்கிறார். பழக்கமில்லாத இடத்தில், வேலையில் மூழ்கியிருப்பவர்களைக் கூப்பிட்டு, ஒன்றும் தெரியாதவளாகத் தென்பட அவருக்கு மனம் வரவில்லை. பொதியின் பார்கோட்டை வருடிப் பார்த்தார். கணினி சரி என்றது. கொடுத்தார். சில மணித்தியாலங்களில் பையனுக்கு உடம்பு விறைத்துக் கூச்செறிந்து, கடும் வலிப்பு வந்தது. தெய்வாதீனமாக உயிர் தப்பினான்.

பார்கோட் பற்றிப் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். எழுதப்பட்ட மருந்தும் கையில் உள்ள மருந்தும் ஒன்றா, எழுதப்பட்ட ஆளும் கட்டிலில் இருக்கும் ஆளும் ஒருவரா என்பதைத்தான் அது சொல்லும். எழுதப்பட்டது சரியா என்பதை அதனால் சொல்ல முடியாது. பிழையான கட்டளையை மிகச் சரியாக நிறைவேற்றுவதற்கும் அது உதவும். அன்று நடந்ததும் அதுவே. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நின்றவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். ஐந்து பூட்டுப் போட்ட கதவில் ஒவ்வொரு பூட்டும் மற்றதை நம்பித் திறந்து கிடந்தது.

இந்த இடத்தில்தான் எனது வாதம் தொடங்குகிறது. அந்தத் தாதியிடம் அறிவு இருந்தது, சந்தேகமும் இருந்தது. அந்தச் சந்தேகம் போய்ச் சேர ஓர் இடம் இருக்கவில்லை. மருந்துப் பாதுகாப்பு என்று தாதியர் பாடப் புத்தகங்களில் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து சரிகளை மனப்பாடம் பண்ண வைப்பார்கள். அந்த ஐந்தும் தேவை. ஆனால் ஐந்தையும் தாங்கி நிற்பது, 'கொஞ்சம் பொறுங்கள்' என்று கடைசியில் நிற்பவள் சொல்லக்கூடிய நிலைமை. அது இல்லாத இடத்தில் மற்றவை வெறும் சுலோகங்கள்.

அன்ரிபயோற்றிக் விடயத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, நான் வாழும் மாநிலத்தின் வரலாறே நல்ல உதாரணம். காசநோய்க்கு எதிரான முதலாவது அன்ரிபயோற்றிக்கான ஸ்ரெப்ரோமைசின், 1943ல் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ரட்கர்ஸில், செல்மன் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில், அல்பேர்ட் ஷற்ஸ் என்ற மாணவரால் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது காப்பாற்றிய உயிர்கள் கணக்கற்றவை. ஆனால் அதை ஏற்றிக்கொண்ட நோயாளர் சிலருக்குச் செவிப்புலன் போனது, நேராக நடக்கும் சமநிலை போனது என்பதும் தொடக்க ஆண்டுகளிலேயே தெரிய வந்தது. 1963ல் அதே மாநிலத்தின் புளூம்ஃபீல்ட் நகரில் ஷேரிங் கம்பனி கண்டறிந்த ஜென்ராமைசினும் அதே குடும்பம்தான்: அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கும். அதனால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தே அடுத்த ஊசியைத் தீர்மானிக்கிறோம். மருந்து ஏற்றிய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் தாதி சரியாகக் குறிக்க வேண்டும். அரை மணித்தியாலம் பிழையாக எழுதினால் ஆய்வுகூடத்தின் முடிவு சரியாக இருந்தும் அடுத்த அளவு பிழைத்துவிடக்கூடும்.

வன்கோமைசின் இன்னொரு வகை. ஒரு கிராம் மருந்தை ஏற்றக் குறைந்தது ஒரு மணித்தியாலம் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் முகம், கழுத்து, நெஞ்சு சிவந்து, தாங்கமுடியாத அரிப்பு வரும். இரத்த அழுத்தமும் விழலாம். பெரும்பாலும் இது உண்மையான ஒவ்வாமை அல்ல. நிறுத்திவிட்டு, அடங்கியபின் மெதுவாக ஏற்றினால் சரி. நீண்டகாலமாக இதற்குச் 'சிவப்பு மனிதர்' என்ற பொருள்படும் பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயர் இப்போது கைவிடப்பட்டு வருகிறது. அது இனரீதியாகப் புண்படுத்துவது என்பது ஒரு காரணம். எங்களைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல்களில் அந்தச் சிவப்பு இலகுவில் தெரியாது என்பது இன்னொரு காரணம். வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்ட பாடத்தைப் படித்த தாதி, எமது ஆச்சியின் கையில் சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். ஆச்சியின் வாயிலிருந்து வரும் சொல்தான் அங்கே முதல் அறிகுறி.

அந்தச் சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. இப்படி மருந்து ஏறிக்கொண்டிருந்த வடமராட்சி அம்மா ஒருவர் 'உடம்பெல்லாம் கடிக்குது' என்றார். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். கட்டிலில் பூச்சி கடிக்கிறதாம் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, பக்கத்தில் நின்ற தாதி படுக்கை விரிப்பை மாற்றப் புறப்பட்டார். நான் அங்கே நின்றதால் அது 'அரிக்குது' என்று விளங்கி மருந்து நிறுத்தப்பட்டது. அந்த மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய தமிழில் கடிப்பது பூச்சிதான். குளிசையும் மாத்திரையும் ஒன்றென்று தெரிந்துகொள்வதற்கு இலக்கியச் சந்திப்புத் தேவையில்லை. ஆனால் கடிப்பதும் அரிப்பதும் ஒன்றென்று தெரியாவிட்டால் ஆள் போய்விடலாம்.

மொழி இப்படி மருந்தின் பகுதியாகிவிடுவதற்கு இன்னும் கசப்பான ஓர் உதாரணம் கொலராடோ மாநிலத்தின் டென்வரில் நடந்தது. 1996 ஒக்ரோபரில் பிறந்த குழந்தை ஒன்றின் தாய், முன்னர் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். பெற்றோருக்குத் தெரிந்தது ஸ்பானிய மொழி மட்டுமே. பழைய சிகிச்சையின் விபரமும் கையில் இல்லை. எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று குழந்தைக்கு பென்சதீன் பென்சிலின் எழுதப்பட்டது. எமது ஊரில் வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் போடப்படும் அதே ஊசிதான். தசையில் மட்டுமே போடலாம். நாளத்தில் ஏற்றினால் உயிராபத்து. எழுதப்பட்ட அளவு 150,000 அலகு. மருந்தகத்தில் ஒரு பூச்சியம் கூடுதலாக வாசிக்கப்பட்டு 1,500,000 அலகாக வந்தது. அந்த அளவைத் தசையில் போடுவதென்றால் பச்சைக் குழந்தைக்கு ஐந்து ஊசி குத்த வேண்டும். அந்த வேதனையைத் தவிர்க்க எண்ணிய தாதியர் கைநூலைப் புரட்டினார்கள். இன்னொரு வகைப் பென்சிலினுக்கு எழுதப்பட்டிருந்ததை இதற்கும் பொருந்துமென்று விளங்கி, நாளத்தில் ஏற்றினார்கள். குழந்தை இறந்தது.

மூன்று தாதியர்மீது மரணம் விளைவித்த குற்றம் சுமத்தப்பட்டது. வழக்கை எதிர்கொண்ட ஒருவரை 1998ல் யூரிகள் விடுதலை செய்தனர். மருந்துப் பாதுகாப்பு நிபுணர்கள் இந்த மரணத்தை ஆராய்ந்தபோது, மருந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் வரையுள்ள பாதையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறைபாடுகளைக் கண்டார்கள். மொழிபெயர்ப்பின்மை அவற்றில் ஒன்று. ஊசிக் குழலில் தெளிவாக இல்லாத எச்சரிக்கை இன்னொன்று. நீதிமன்றம் விசாரிக்கக்கூடியது ஆட்களை. ஐம்பது ஓட்டைகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

தாதி வாய் திறந்தால் என்ன நடக்கலாம் என்பதற்கு ரெக்சாஸ் ஓர் உதாரணம். அங்கே விங்க்லர் கவுண்டியில் இரண்டு தாதியர், ஒரு வைத்தியரின் சிகிச்சை முறைகள் ஆபத்தானவை என்று மாநில மருத்துவச் சபைக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினார்கள். வைத்தியரின் நண்பரான ஷெரிப் எழுதியவர்களைத் துருவிக் கண்டுபிடித்தார். 2009ல் இருவரும் வேலை இழந்து, உத்தியோகத் தகவலைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒருவர்மீதான வழக்குக் கைவிடப்பட்டது. மற்றவரை 2010 பெப்ரவரியில் யூரிகள் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காமல் விடுதலை செய்தார்கள். பின்னர் ஷெரிப்பே தண்டிக்கப்பட்டார். முடிவு நல்லதுதான். ஆனால் சான் பிரான்சிஸ்கோத் தாதியின் தயக்கத்தை விளங்கிக்கொள்ள இந்த வழக்கின் முடிவைவிட அதன் தொடக்கமே கூடுதலாக உதவும்.

2023 செப்டெம்பரில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில், காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட 8 வயதுச் சிறுமியின் கை, கனூலா போடப்பட்டதன் பின்னர் ஏற்பட்ட பாதிப்பால் மணிக்கட்டோடு அகற்றப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு நடந்தது பற்றி எவரும் ஆத்திரப்படாமல் இருக்க முடியாது. நீதி கேட்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. விசாரணை நீதிமன்றத்துக்குப் போன விடயம் என்பதால் யார் பிழை என்று தீர்ப்பெழுத எனக்கு உரிமையில்லை. நான் சொல்வது இங்கே நடந்த பேச்சைப் பற்றி. வானொலிகளிலும், கொண்டாட்ட வீடுகளிலும் நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: 'அந்த நேர்ஸ் ஆர்?' அந்த இரவு அந்த வாட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை தாதியர், கை வீங்குகிறது என்று தாய் சொன்னால் அதைக் கேட்டு எழுதுவதற்கு ஒரு முறை இருந்ததா, வைத்தியரை அழைக்க ஒரு தாதிக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்ற கேள்விகளை எவரும் கேட்டு நான் கேட்கவில்லை. ஒரு அழிவு நடந்தால் ஒரு துரோகியைக் கண்டுபிடித்து விடயத்தை முடிப்பது எமது அரசியலில் நாம் பழகிய பழக்கம். அது வைத்தியசாலை வாசல்வரை எங்களோடு வருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. அமைப்பு, அமைப்பு என்று சொல்லித் தனியாட்களை எல்லாம் தப்பவிடுவதா? குடித்துவிட்டு வேலைக்கு வருபவரையும், தெரிந்தே விதியை மீறுபவரையும், நடந்ததை மறைத்துப் பொய் எழுதுபவரையும் அமைப்பின் பெயரால் மன்னிக்க நான் கேட்கவில்லை. அவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கவனமான ஒருவர், அதே இடத்தில் நின்ற எவருக்கும் நேரக்கூடிய தவறைச் செய்தால், அவரைத் தண்டிப்பதால் அடுத்தவர் கவனமாகிவிடப் போவதில்லை. தவறை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வார். ஒளிக்கப்பட்ட தவறு அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கும்.

அமைப்பை மாற்றுவது என்றால் என்ன என்பதும் மந்திரமல்ல. கலிபோர்ணியா 1999ல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர்தான் என்று எல்லை வகுத்தது. நியூ ஜேர்சியில் அந்த எல்லையைத் தொழிற்சங்கமாகத்தான் பெற வேண்டியிருந்தது. ஸ்ரெப்ரோமைசின் பிறந்த அதே நியூ பிரன்ஸ்விக்கில், ரொபேர்ட் வூட் ஜோன்சன் பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஏறத்தாழ 1,700 தாதியர் 2023 ஓகஸ்ட் முதல் டிசெம்பர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆள் எண்ணிக்கைதான் அவர்களது முதன்மைக் கோரிக்கை. எட்டுப் பேருக்கு மருந்து கொடுக்க ஓடுகிறவளால் எவருடைய மருந்தின் முன்னாலும் நின்று யோசிக்க முடியாது. யோசிப்பதற்கும் நேரம் வேண்டும், நேரத்துக்குச் சம்பளம் வேண்டும்.

கட்டிலில் கிடப்பவருக்கும் அவரது உறவினருக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் தமது நோயாளர் பதிவேட்டில் பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்டிருப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை. இல்லாத ஒவ்வாமையினால் அவர்களுக்கு வீரியம் கூடிய, பக்கவிளைவு கூடிய மருந்துகள் போகின்றன. எமது முதியவர்களிடம் 'ஊரில் ஊசி ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஞாபகம் மட்டும் இருக்கும். எந்த ஊசி, எத்தனையாம் ஆண்டு, சத்தி வந்ததா, உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்று வீட்டிலேயே கேட்டு எழுதி வையுங்கள். மறுபக்கத்தில், உண்மையிலேயே பென்சிலின் ஆகாதவர் கொழும்பிலிருந்து பெட்டிக்குள் கொண்டுவந்த ஓக்மென்ரினை இருமலுக்கு விழுங்குவதையும் கண்டிருக்கிறேன். பெயர் வேறு, உள்ளே இருப்பது பென்சிலின் குடும்பம்.

மத்திய அரசின் பணம் பெறும் எந்த வைத்தியசாலையும் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பதும், அவசர வேளை தவிரப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கக் கூடாது என்பதும் இங்கே சட்டம். பத்து வயதுப் பேத்தியை அம்மம்மாவின் நோய்க்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் 'கடி' என்றால் அரிப்பு என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். மருந்து ஏற்ற வருபவரிடம் இது என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு, நேற்றையதிலிருந்து ஏன் மாறியிருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று எம்மவர் பலர் நினைக்கிறார்கள். அரசுகளையும் இயக்கங்களையும் தத்துவங்களையும் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்ட நண்பர்கள்கூட, வெள்ளை அங்கி ஒன்றைக் கண்டதும் கைகட்டிக்கொண்டு 'எல்லாம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ' என்கிறார்கள். நான் தாதியாகவே சொல்கிறேன்: நீங்கள் கேட்கும் கேள்வி என்னை அவமதிக்காது. வைத்தியரை அழைத்து 'நோயாளி கேட்கிறார், ஒருமுறை பாருங்கள்' என்று சொல்ல அது எனக்கும் ஒரு காரணம் தருகிறது. என்னிடம் ஏற்கனவே இருந்த சந்தேகத்துக்கு அது போய்ச் சேர ஓர் இடம் கிடைக்கிறது.